பசைக்கு விழுந்த மார்க்கு

மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா அடிக்கிற கும்பல்ல நானும் ஒருத்தன். ஆனாலும் கோல்ட் ஸ்ப்ரேன்னு எங்க கண்ணுல பட்டாலும் நின்னு படிச்சுட்டுத்தான் நகர்வேன். படிக்கப் படிக்க ஒரு விஷயத்துல எரிச்சல். அதான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்குச் சின்ன முன்கதை. 1980-கள்ல சோவியத் நாட்டு நோவோசிபிர்ஸ்க்ல பாப்பிரினும் அவர் சகாக்களும் ஒலியை மிஞ்சின வேகத்துக் காற்றோட்டத்துல உலோகத் துகளைக் கலந்துவிட்டு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தாங்க. ஒரு வேகத்தைத் தாண்டினதும் துகள் எதிர்ல இருந்த பொருளை அரிக்கிறதை விட்டுட்டு அதுமேலயே ஒட்டிக்கிச்சு. தொழில்நுட்பம் அங்க பொறந்ததுதான். அஞ்சுலேர்ந்து அம்பது மைக்ரான் பொடியை நைட்ரஜன்லயோ ஹீலியத்துலயோ ஏத்தி, வினாடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்துல அடிக்கணும். எதுவும் உருகாது. மோதுற இடத்துல உலோகம் களிமண்ணா வழிஞ்சு, மேல இருக்கிற ஆக்சைடு தோலைக் கிழிச்சு, உள்ளே இருக்கிற சுத்தமான உலோகம் ரெண்டும் சேருது. (ஏன் அப்படி வழியுதுன்னு 2003-ல ஆசாதி குழு ஒண்ணு சொல்ல, 2018-ல ஹசானி குழு அது தேவையே இல்லைன்னு மறுக்க, நம்ம பதிவுலகச் சண்டையெல்லாம் பிச்சை வாங்கணும் :-)) 

இப்ப எரிச்சலுக்கு வர்றேன். பூச்சு எவ்வளவு கெட்டியா ஒட்டியிருக்குன்னு பார்க்க ஏஎஸ்டிஎம் சி633-ன்னு ஒரு சோதனை இருக்கு. பூச்சுமேல ஒரு உருளையைப் பசை போட்டு ஒட்டி இழுக்கணும், அவ்ளோதான். நல்ல பூச்சா இருந்தா பசைதான் முதல்ல பிச்சுக்கும், சுமார் எழுபது மெகாபாஸ்கல்ல. உடனே "எழுபதுக்கு மேல்"னு எழுதிட்டு எல்லாரும் கைதட்டுறாங்க. அது பசை வாங்கின மார்க்குங்க! ரெண்டு யூனிட் டெஸ்ட் பச்சையாச்சுன்னு ரிலீஸ் பண்ற மேனேஜர் ஞாபகம்தான் வருது.

அடுத்த கைதட்டல் எஞ்சிய தகைவுக்கு, அதாவது ரெசிட்யுவல் ஸ்ட்ரெஸ்ஸுக்கு. உருக்கித் தெளிக்கிற முறைகள்ல துளி குளிர்ந்து சுருங்கும்போது இழுவிசை தங்கிடும். கோல்ட் ஸ்ப்ரேல பின்னாடி வர்ற துகள் முன்னாடி ஒட்டினதைச் சுத்தியல் மாதிரி அடிச்சுக்கிட்டே வர்றதால பெரும்பாலும் அமுக்கவிசை தங்குது. விரிசல் பரவாது, களைப்பு தாங்கும், நல்லதுதானேங்கறாங்க. வாஸ்தவம்தான், பூச்சுக்குள்ள பார்த்தா. ஆனா பூச்சு அமுங்கியிருந்தா, கணக்கு சரியாக அடியில இருக்கிற உலோகம் எங்கேயாவது இழுபட்டே ஆகணும். பூச்சை உரிக்கத் தயாரா இருக்கிற சக்தி, தகைவோட வர்க்கத்தையும் தடிமனையும் பொறுத்தது. அதே தகைவுல 0.3 மில்லிமீட்டர் பூச்சை 3 மில்லிமீட்டர் ஆக்கினா அந்தச் சக்தி பத்து மடங்கு. சின்ன வில்லைல எழுபது வாங்கின பூச்சு, தடிமனா போட்டதும் ஓரத்துலேர்ந்து உரியறது இப்படித்தான். தண்டு மாதிரி வளைஞ்ச வெளிப்பரப்புன்னா இன்னும் மோசம். அமுங்கியிருக்கிற பூச்சு விரியப் பார்க்கும், விரிஞ்சா போற வழி வெளியேதான். ஒட்டின இடத்தை அதுவே இழுக்குது.

இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை. அமெரிக்க ராணுவம் அரிச்சுப்போன பிளாக் ஹாக் ஹெலிகாப்டரோட மெக்னீசிய கியர்பாக்ஸ் உறைகள்ல அலுமினியத்தை இப்படித் தெளிச்சுப் பழுது பார்க்குது. தூக்கிப்போட வேண்டிய உறை திரும்பப் பறக்குது, அருமையான வேலை, எனக்கு மறுப்பே இல்லை. அந்த மாதிரி இடத்துல பசையோட மார்க்கை மட்டும் நம்பி ஒரு பூச்சை அனுப்பக்கூடாதுங்கறேன்.

ஒட்டுதிறன் எண்ணைப் போடுறவங்க பக்கத்துலயே தடிமனையும் தகைவையும் போடட்டும். பெரிய செலவும் இல்லை. மெல்லிய தகடு ஒண்ணுல அடிச்சு, அது எவ்வளவு வளையுதுன்னு பார்த்தா போதும். ஸ்டோனி 1909-லேயே அதுக்குச் சூத்திரம் குடுத்துட்டார். பூச்சு தடிமனானா அது உதவாதுதான், அதுக்கு அடுக்கடுக்கா கூட்டிப் போற ட்சுயி-க்ளைன் கணக்கு 1997-லேர்ந்து இருக்கு. ஒரு எக்செல் ஷீட்ல அடங்கிடும்.