துருவத்தில் ஒரு 'புரோகர்' தீபகற்பம்: பெயர் நார்வேயுடையது, பள்ளிக்கரணைக்கு அங்கே என்ன வேலை?

வேளச்சேரி-தாம்பரம் சாலையில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் (என்.ஐ.ஓ.டி.) வாசலைக் கடந்துதான் போகிறார்கள். அதன் பொறியாளர்கள் வடிவமைத்த 'இண்ட்ஆர்க்' என்ற கருவித் தொகுப்பு, 2014 ஜூலையில் வட துருவத்திலிருந்து சுமார் 1,200 கி.மீ. தூரத்தில் கடலுக்குள் இறக்கப்பட்டது. இடம்: நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம், காங்ஸ்ஃபியோர்டன். மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே நுழையும் கடல் அது. அதன் தென்கரையில் புரோகர் தீபகற்பம் இருக்கிறது. இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்குவது இந்தத் தீபகற்பத்தின் நி-ஓலசுண்ட் கிராமத்தில்தான்.

பெயரைப் பார்த்து யாரும் தரகர் என்று நினைத்துவிட வேண்டாம். வால்டமார் புரோகர் நார்வேயின் புகழ்பெற்ற நிலவியல் அறிஞர். தீபகற்பத்துக்கு நார்வே மொழியில் உள்ள சொல்லைப் பிரித்தால் 'அரைத்தீவு' என்று வரும். நம் 'தீபகற்ப'த்தைவிடச் சட்டென்று புரிகிறது, இல்லையா? வடக்கே காங்ஸ்ஃபியோர்டன், தெற்கே 'ஆங்கிலேயர் விரிகுடா', மேற்கே ஒரு நீரிணை. நடுவில் மலைகளும் பனியாறுகளும்.

சரி, நாம் போய் நிலையம் கட்டிய இடத்துக்கு நம் பெயர் ஏன் இல்லை?

அங்கே பெயர் வைக்கும் அதிகாரம் நார்வேயிடம் இருக்கிறது. 1596-ல் வந்த டச்சு மாலுமி பேரன்ட்ஸ் 'ஸ்பிட்ஸ்பெர்கன்', அதாவது கூர்மலைகள் என்று பெயரிட்டார். திமிங்கில வேட்டைக்கு வந்த ஆங்கிலேயர்கள் காங்ஸ்ஃபியோர்டனையே 'மான் கடற்கழி' என்றார்கள். 1920 பிப்ரவரி 9-ல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் இந்தத் தீவுகளை நார்வேக்குக் கொடுத்தது. 1925-ல் அது நடைமுறைக்கு வந்ததும், பழைய ஐஸ்லாந்துக் குறிப்புகளில் கிடந்த 'ஸ்வால்பார்ட்' என்ற சொல்லை எடுத்து மொத்தத் தீவுக்கூட்டத்துக்கும் சூட்டியது நார்வே. "நாங்கள் நேற்று வந்தவர்கள் இல்லை" என்று வரைபடத்தில் எழுதுவது மாதிரிதான் இது. சுவாரசியம் என்னவென்றால், அந்த ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவின் பெயரிலும் கையெழுத்து இருக்கிறது. அந்தத் தீவுகளில் இந்தியர்களுக்குள்ள உரிமைகள் அதிலிருந்தே வருகின்றன.

தென் துருவத்தில் கதை வேறு. அண்டார்டிக் தீபகற்பம் சுமார் 1,300 கி.மீ. நீளம். அதை பிரிட்டன் 'கிரஹாம் லேண்ட்' என்றது, அமெரிக்கா 'பால்மர்' பெயரில் அழைத்தது. அர்ஜென்டினாவுக்கு அது 'சான் மார்ட்டின்', சிலிக்கு 'ஓ'ஹிக்கின்ஸ்'. 1964-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் சமரசத்துக்கு வந்தன: முழுவதற்கும் 'அண்டார்டிக் தீபகற்பம்' என்ற பொதுப்பெயர், வடபாதி கிரஹாம், தென்பாதி பால்மர். கல்யாணப் பத்திரிகையில் இரண்டு தாத்தாக்களின் பெயரையும் போட்டுப் பிரச்சினையை முடிப்பது போல! அர்ஜென்டினாவும் சிலியும் இன்றும் தங்கள் பெயரை விடவில்லை. ஆனால் நான்கு பெயர் வைத்தும் யாருக்கும் நிலம் உறுதியாகவில்லை. 1959-ல் கையெழுத்தான அண்டார்டிக் ஒப்பந்தம் எல்லா உரிமைக் கோரல்களையும் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறது.

அதனால் துருவத்தில் நமக்கு ஒரு பெயர் வேண்டும் என்று ஆசைப்படுவதில் பெரிய பயன் இல்லை. தென் சென்னைக்காரர்களுக்கு இது தெரியாதது இல்லை. குரோம்பேட்டை என்பது குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர். இன்று அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர் யாருக்கும் தோல் ஞாபகம் வருவதில்லை. நி-ஓலசுண்டிலும் அதேதான். அது நிலக்கரிச் சுரங்கத்துக்காக உருவான ஊர். 1962-ல் நடந்த வெடிவிபத்தில் 21 பேர் இறந்த பிறகு சுரங்கம் மூடப்பட்டது. 'கிங்ஸ் பே' என்ற பழைய சுரங்க நிறுவனம் மட்டும் அதே பெயரில் இப்போது ஆராய்ச்சி கிராமத்தை நிர்வகிக்கிறது.

பெயரைவிட முக்கியமானது தரவு. ஆர்க்டிக் மாற்றங்களுக்கும் நம் பருவமழைக்கும் என்ன தொடர்பு என்பதை ஆராய்வது இண்ட்ஆர்க்கின் நோக்கங்களில் ஒன்று. 2015 டிசம்பரில் முடிச்சூரில் மொட்டை மாடியில் நின்றவர்களுக்கு இது எங்கோ நடக்கும் ஆராய்ச்சியாகத் தெரியாது. ஆனால் ஒரு வருட அளவீட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கடல்நீரின் வெப்பம், உப்புத்தன்மை, நீரோட்டம் எல்லாம் பல ஆண்டுகள் விடாமல் பதிவானால்தான் போக்கு தெரியும்.

'ஹிமாத்ரி' பலகை முன்னால் நின்று எடுக்கும் போட்டோ எளிதில் வைரல் ஆகும். இண்ட்ஆர்க்குக்கு அந்த வசதி இல்லை, அது தண்ணீருக்கடியில் இருக்கிறது. ஆனால் துருவத்துக்கான பட்ஜெட்டில் முதல் இடம் அதற்குத்தான் கிடைக்க வேண்டும். அதை அவ்வப்போது கப்பலில் போய் மேலே தூக்கி, பேட்டரி மாற்றி, பதிவுகளை எடுத்துக்கொண்டு, திரும்பவும் இறக்க வேண்டும். ஒருமுறை போகாமல் விட்டால், அந்த இடைவெளியைப் பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் நிரப்ப முடியாது.