காற்றின் கணக்கு

ஆனி, ஆடித் திங்கள்களில் பெரியகுளத்திலிருந்து தேனி வழியாக ஆண்டிபட்டிப் பக்கம் செல்வோர், வெண்ணிறக் காற்றாலைகள் ஓயாது சுழல்வதைக் காண்பர். தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாயில் நெருக்குண்டு விசைபெற்று வருவதே இதற்குக் காரணம். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களைப் போன்று இதுவும் தமிழகத்தின் மின்வளத்திற்கு ஒரு வாயில். அவ்வாயிலில் வரும் காற்று இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்தும் இதே விசையோடு வருமா? இவ்வினாவை எழுப்பாமலே ஆலைகளை நட்டுக்கொண்டு போவது முறையன்று எனக் கருதுகின்றோம்.

காற்றை அளந்து கணக்கிட வேண்டும் என்று இந்நாட்டிற்குக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் அன்னா மணி அம்மையார். நம் குமுளி மலைக்கு அப்பாலுள்ள பீர்மேட்டில் 1918ஆம் ஆண்டு பிறந்தவர். வானிலைத் துறையில் உயர் பதவி வகித்து, ஓய்வு பெற்ற பின்னரும் நாடெங்கும் காற்றின் வேகத்தையும் கதிரவன் ஒளியையும் அளக்கும் பணியில் ஈடுபட்டார். மலைக்கு அந்தப் பக்கம் பிறந்த அவரை இந்தப் பக்கத்து மாணவர் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

அளவு ஏன் இன்றியமையாதது? காற்றிலிருந்து பெறக்கூடிய ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஆலையின் ஆயுளோ ஏறத்தாழ 25 ஆண்டுகள். ஆகவே சென்ற காலச் சராசரியை மட்டும் நம்புதல் போதாது. இந்தியப் பெருங்கடல் வெப்பமடைவதால் மேற்கிந்தியாவில் காற்றாற்றல் குன்றி வந்துள்ளது என 2018இல் ஓர் ஆய்வு உரைத்தது. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவன அறிஞர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வோ, வடக்கே காற்று தளரினும் தமிழகம் உள்ளிட்ட தென்பகுதிகளில் வாய்ப்பு நன்றாகவே உள்ளது என்கின்றது. மகிழத்தக்க செய்திதான். எனினும் அது பரந்த நிலப்பரப்பைப் பற்றிய கணிப்பு. ஒரு கணவாயின் போக்கை அங்கேயே அளந்துதான் அறிதல் வேண்டும்.

நம் பள்ளத்தாக்கிற்கென ஒரு தனிச் சிக்கலும் உண்டு. காற்றாலையைச் சுழற்றும் அதே பருவம்தான் முல்லைப் பெரியாற்றையும் நிரப்புகின்றது. அந்நீரே லோயர்கேம்ப் மின்நிலையத்தை இயக்குகின்றது. பருவம் பொய்த்தால் இரண்டும் ஒருசேர நலியக்கூடும்; ஒன்றுக்கு மற்றொன்று துணையென எண்ணியிருக்க இயலாது. ஐப்பசி, கார்த்திகையிலோ காற்று அடங்கும், மேகம் கதிரவனை மறைக்கும். அந்நாள்களுக்கு வேண்டிய மின்சாரத்தை எங்கே சேமிப்பது, எவ்வளவு சேமிப்பது என்பதைப் பல்லாண்டு வானிலைப் பதிவுகளே கூற முடியும். அணைநீரை மின்சாரத்திற்காக நினைத்தபோது திறக்கலாமே என்பாரும் உளர். கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயலுக்குரிய தண்ணீர் அது; உழவரின் முறைக்கு முன் மின்வாரியத்தின் முறை வருதல் ஆகாது.

ஆயுள் முடிந்த பழைய ஆலைகளைப் புதுப்பிக்கத் தமிழக அரசு 2024இல் தனிக்கொள்கை வகுத்துள்ளது. புதிய ஆலை எழும் ஒவ்வோர் இடத்திலும் அளந்த காற்றுப் பதிவுகளை அவ்வூர் ஊராட்சியிலேயே வைத்திட வேண்டும் என அரசை வேண்டுகின்றோம். நிலம் கொடுக்கும் உழவர், தம் நிலத்தின் மேல் வீசும் காற்றின் மதிப்பை அறியாமலே விலை பேசுகின்றனர். நம் கல்லூரிகளின் இயற்பியல், புவியியல் துறைகள் மாடியில் ஒரு காற்றுமானியை நிறுவி நாள்தோறும் குறித்து வரலாம், செலவு மிகுதியன்று. வரும் ஆனி மாதக் காற்றுக்கு முன் இதனைத் தொடங்க முடியும்.