வெள்ளைத் தாளில் வீடு விற்கலாமா?

2006ஆம் ஆண்டு யுத்தத்தில் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாமிருந்த காணியின் ஒரு பகுதி 2016 மார்ச்சில் கிடைத்தது. இவ்வளவு பாடுபட்டு மீட்ட வளவை ஒரு வெள்ளைத் தாளில் இழந்துவிடலாமா என்பதே எமது கேள்வி.

எமது கிராமங்களில் வீடுவளவு கைமாறும் விதத்தை நாம் அறிவோம். முற்பணம் கைக்கு வருகிறது. முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையொப்பமிடுகின்றனர். மிச்சக் காசு அறுவடைக்குப் பிறகு என்று பேச்சு முடிகிறது. வாங்கியவர் குடிபுகுந்தபின், விற்றவர் கூடிய விலைக்கு இன்னொருவருக்கு உறுதி முடிக்கலாம். அல்லது வாங்கியவர் மிச்சத்தைக் கொடுக்காமலே இருந்துவிடலாம். இரண்டிலும் அழுபவர் ஏழைதான்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் தெளிவானது. விற்பனை உறுதி மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் கையொப்பமிடப்பட வேண்டும். இல்லையேல் அந்தத் தாளை வைத்துக் காணியைக் கேட்க முடியாது. உறுதியைப் பதிவதும் அவசியம். 1927ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, பின்னால் வாங்கியவர் முந்திப் பதிந்தால் அவருடைய உறுதி மேலோங்கக்கூடும்.

அரச காணியின் நிலை வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் பெற்ற பேர்மிட் காணி விற்பனைக்குரியதல்ல. அளிப்புப் பத்திரக் காணியை விற்கவும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியை முதலில் பெற வேண்டும். மீறினால் விற்பனை செல்லாது.

உறவினருக்குள் எழுத்தெதற்கு, வாய்ச்சொல் போதாதா என்பர் சிலர். எழுதுவது அவநம்பிக்கையல்ல, நாளை பிள்ளைகள் சண்டையிடாதிருக்கச் செய்யும் அன்புப்பணி. இங்கிலாந்தில் வீடு வாங்குவோர், கையொப்பமிட்ட ஒப்பந்தப் பிரதிகளைப் பரஸ்பரம் மாற்றிக்கொள்ளும்வரை பேரத்துக்குக் கட்டுப்பட்டவர்களல்லர். மாற்றிய பின்னரோ இருவரும் கட்டுண்டவர்கள். விலை, முற்பணம், உறுதி முடிக்கும் நாள், தவறினால் என்ன என்பன யாவும் அங்கே முன்கூட்டியே எழுதப்படுகின்றன. எமது உடன்படிக்கைகளிலும் இவை இருக்க வேண்டும்.

நொத்தாரிசுக் கூலி சுமைதான். ஆனால் வழக்குச் செலவு அதைவிடப் பெரிய சுமை. வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் கலங்க வேண்டாம். பதிவான உறுதியின் அத்தாட்சிப் பிரதியைக் காணிப் பதிவகத்தில் கேட்கலாம். வாங்குபவரும் முற்பணம் கொடுக்குமுன் அங்குள்ள ஏடுகளைத் தேடி, வில்லங்கம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

அயலவனின் அவசரத்தைப் பார்த்து அரைவிலைக்கு வெள்ளைத் தாளில் வாங்குவோருக்கும் ஒரு சொல்: அது சாமர்த்தியமல்ல, அநீதி.

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நாளில் எரேமியா இறைவாக்கினர் அனத்தோத்தில் ஒரு நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகள் முன் பத்திரம் எழுதி, முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னார். ஊர் அழியும் வேளையிலும் அவர் பத்திரத்தை அலட்சியம் செய்யவில்லை, மக்கள் திரும்பி வருவர் என்று நம்பியதால். திரும்பி வந்துள்ள நாமும் அவ்வாறே செய்வோம்.