காரின் சஸ்பென்ஷனை நாமே மாற்றலாமா, பெர்ஃபாமன்ஸ் ஷாப்பில் கொடுக்கணுமா? ரூ.5,000 அபராதம் யாருக்கு? முழு விவரம்

காரைக் கொஞ்சம் இறக்கினால் லுக்கே தனி. கொஞ்சம் ஏற்றினால் ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டாது. கார் வைத்திருக்கும் பலருக்கும் இந்த இரண்டில் ஒரு ஆசை உண்டு. யூடியூபைத் திறந்தால் ஒரே நாளில் வீட்டு வாசலிலேயே வேலையை முடிக்கிறார்கள். ஷாப்பில் விசாரித்தால் லேபர் சார்ஜைக் கேட்டே தலை சுற்றுகிறது. அப்போ நாமே செய்துவிடலாமா? சில வேலைகளைச் செய்யலாம். சிலவற்றில் கை வைக்கவே கூடாது. எது எது என்று பார்ப்போம்.

முதலில், தேவை அப்கிரேடா ரிப்பேரா?

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். "வண்டி ஆடுது, புதுசா ஏதாவது போடணும்" என்று சொல்பவர்களில் பலருடைய காரில் ஷாக் அப்சார்பர் தேய்ந்து போயிருக்கும், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க சில அறிகுறிகள்:

- ஷாக் அப்சார்பரின் மேல் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருப்பது
- டயர் ஒரே சீராகத் தேயாமல் மேடு பள்ளமாகத் தேய்வது
- பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் கார் இரண்டு மூன்று முறை ஆடுவது

இவை இருந்தால் கம்பெனி போட்ட அதே வகை ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்றினாலே போதும், பழைய ஓட்டம் திரும்பிவிடும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இடமும் வலமும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

வீட்டில் எதைச் செய்யலாம்?

ஜாக்கி, உறுதியான ஜாக் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் மூன்றும் கையில் இருந்து, முன் அனுபவமும் இருந்தால், ஸ்டெபிலைசர் லிங்க் ராடை மாற்றலாம். பல சிறிய கார்களில் பின் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் தனித்தனியாக இருக்கும். அந்த ஷாக் அப்சார்பரையும் மாற்றலாம்.

ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது. அது டயர் மாற்றுவதற்கு. ஆள் படுப்பதற்கு அல்ல.

எதில் கை வைக்கக் கூடாது?

முன்பக்கம் அப்படி இல்லை. பெரும்பாலான கார்களில் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்புதான். இதில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே துண்டு. ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலேயே பூட்டப்பட்டிருக்கும். அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பும். முகத்திலோ கையிலோ பட்டால் உயிருக்கே ஆபத்து. மலிவான கருவியும் நழுவலாம்.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி எடுத்துப் போய், ஸ்பிரிங் மாற்றும் வேலையை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் செய்யலாம்.

வீட்டில் செய்பவர்கள் அடிக்கடி கோட்டை விடும் இன்னொரு இடம் புஷ். லோயர் ஆர்ம் போல்ட்டை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முழுசாக முறுக்கிவிடுவார்கள். காரைக் கீழே இறக்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். காரின் எடை சக்கரத்தின் மேல் வந்த பிறகுதான் கடைசி முறுக்கு.

ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். இல்லையென்றால் மிச்சம் பிடித்த லேபர் காசு டயரில் போய்விடும்.

'ஸ்பிரிங்கை வெட்டிடலாம்' என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங் விறைப்பாகும். அதன் முனை இருக்கையில் சரியாக உட்காராது. பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் நழுவ வாய்ப்புண்டு. சூடு காட்டி இறக்கினால் எஃகின் பதமே கெட்டுவிடும்.

உயரத்துக்காக ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரும் முழுத் தீர்வு இல்லை. அது இருக்கும் இடத்தில் ஸ்பிரிங் வேலை செய்யாது. மற்ற சுற்றுகள் மேல்தான் சுமை ஏறும்.

நம்ம ஊர் ரோட்டுக்கு இறக்கிய கார் சரிப்படுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பல ஹேட்ச்பேக் கார்களின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 160 முதல் 170 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் இறக்கினால் மிஞ்சுவது சுமார் 125. நாலு பேரும் லக்கேஜும் ஏறினால் இன்னும் குறையும். இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி அமைந்த வேகத்தடையே 100 மில்லிமீட்டர் உயரம். நம்ம தெருவில் இருப்பதெல்லாம் விதிப்படிதான் போட்டார்களா என்பது உங்களுக்கே தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. உற்பத்தியாளர் குறிப்பிட்டதை மாற்ற முடியாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

அதே 2019-ல் வந்த திருத்தம் 182ஏ பிரிவை மாற்றி அமைத்தது. அனுமதி இல்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும்.

இந்தப் பிரிவில் மாட்டுவது உரிமையாளர். "ஷாப்காரர்தான் மாட்டினார், பில் இருக்கு" என்று சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது. தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே வகைப் பாகம் போடுவது ரிப்பேர். உயரத்தையே மாற்றுவது வேறு கதை. விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் கிளெய்மைக் கேள்வி கேட்கவும் இடம் உண்டு.

ஷாப்பில் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. இந்த ஸ்பிரிங் என் கார் மாடலுக்கென்றே செய்ததா? கம்பெனி ஷாக் அப்சார்பருடன் ஒத்துப்போகுமா?
2. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அலைன்மென்ட் அளவுகளைப் பிரிண்ட் தருவீர்களா?
3. போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் முறுக்குவீர்களா, கை அளவிலா?
4. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா?

நாலாவது கேள்வி முக்கியம். ஆர்.டி.ஓ. பிரச்சினை வந்தாலோ, காரை விற்க நேர்ந்தாலோ, பழையபடி மாற்ற அந்தப் பாகங்கள்தான் கை கொடுக்கும்.

ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் காருக்குத் தேவைகள் வேறு. தினமும் ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் போகிற காரா? அதே வகைப் புது ஷாக் அப்சார்பர், நல்ல டயர், ஒரு அலைன்மென்ட். முதலில் இதைச் செய்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் அப்கிரேட் வேண்டும் என்று தோன்றினால் ஷாப்பைத் தேடலாம்.