வாக்குகளை எண்ணத் தெரிந்தவர்

நான்சி பெலோசி ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைவராக ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் 20 ஆண்டுகள் அவர்தான் தலைவர் என்று செய்திகள் எழுதின. முரணாகத் தோன்றும் இந்த இரண்டும் உண்மைதான்.

அமெரிக்காவில் கட்சி அமைப்புக்குத் தலைவர் வேறு, அவையில் கட்சிக்குத் தலைவர் வேறு. பிரதிநிதிகள் சபைக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. அது முடிந்ததும் ஒவ்வொரு கட்சியின் உறுப்பினர்களும் கூடி, ரகசிய வாக்கெடுப்பில் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சி மேலிடம் பெயரை அறிவிக்கும் வழக்கம் அங்கே இல்லை. எனவே, தலைமைக்கு வர நினைப்பவர் சக உறுப்பினர்களின் ஆதரவை ஒவ்வொன்றாகத் திரட்டியாக வேண்டும்.

பெலோசி அதைத்தான் செய்தார். பால்டிமோர் நகர மேயராக இருந்தவரின் மகள் அவர். அரசியலை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர். ஆனால் அவைக்குள் நுழைந்தது 47 வயதில், 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த இடைத்தேர்தலில் வென்று. நிதி ஒதுக்கீட்டுக் குழுவிலும் உளவுத்துறைக் குழுவிலும் பணியாற்றினார். சகாக்களின் தேர்தல் செலவுக்கு ஓயாமல் நிதி திரட்டிக் கொடுத்தார். 2001இல் கொறடா பதவிக்கான போட்டியில் ஸ்டெனி ஹோயரை 118க்கு 95 என்ற கணக்கில் வென்றார். அடுத்த ஆண்டே சபைக் கட்சித் தலைவர். 2007இல் முதல் பெண் சபாநாயகர். அங்கே சபாநாயகர் நடுநிலை வகிப்பவர் அல்ல, பெரும்பான்மைக் கட்சியை வழிநடத்துபவர்.

இந்தியாவில் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். அமெரிக்காவில் கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. 2010 மார்ச்சில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஜனநாயகக் கட்சியினரே 34 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட வரவில்லை. ஆனாலும் மசோதா 219க்கு 212 என்று நிறைவேறியது. தொகுதியில் எதிர்ப்பைச் சந்திக்கும் உறுப்பினருக்கு விலக இடம் கொடுத்து, தேவையான எண்ணிக்கை குறையாமல் காப்பதுதான் பெலோசியின் வேலை.

அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் கட்சி 63 இடங்களை இழந்தது. பெலோசி விலகவில்லை, எதிர்த்து நின்றவரை 150க்கு 43 என்று தோற்கடித்துத் தலைமையைத் தக்கவைத்தார்.

உறுப்பினர்கள் தரும் பதவிக்கு உறுப்பினர்களே நிபந்தனையும் விதிக்கலாம். சபாநாயகரை முழு அவையும் சேர்ந்து தேர்ந்தெடுப்பதால், சொந்தக் கட்சியில் சிலர் முரண்டு பிடித்தாலும் கதை மாறிவிடும். 2018இல் மீண்டும் பெரும்பான்மை கிடைத்தபோது அதுதான் நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் பதவியில் இருப்பதில்லை என்று அதிருப்தியாளர்களிடம் அவர் ஒப்புக்கொண்ட பிறகே போதிய வாக்குகள் சேர்ந்தன. 2022 நவம்பரில் தலைமையிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அவர் இடத்துக்கு ஹக்கீம் ஜெஃப்ரிஸைத் தேர்ந்தெடுத்தவர்களும் அதே சக உறுப்பினர்கள்தான்.