வெளிச்சத்தில் இருக்கும் துப்பாக்கி



குடகு மலையில் ஆண்டுதோறும் செப்டம்பரில் ‘கைல்பொல்து’ என்னும் ஆயுதத் திருநாள் வருகிறது. கொடவர் தங்கள் துப்பாக்கிகளைத் துடைத்து, செங்காந்தள் மலர் சூட்டி வைப்பார்கள். பின்பு உயர்ந்த மரத்தில் கட்டிய தேங்காயைச் சுட்டு வீழ்த்தும் போட்டி நடைபெறும். துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து அவர்களுக்கு அரசு அளித்த விலக்கு, 2019இல் மேலும் பத்தாண்டுகள் நீட்டிக்கப்பட்டது.

உலக அளவில் பழங்காலக் கருமருந்துத் துப்பாக்கிகளுக்கே தனிப் போட்டிகள் உண்டு. ஒவ்வொரு முறையும் குழல்வாய் வழியே மருந்தை அளந்து இட்டு, குண்டைக் கோலால் அழுத்த வேண்டும். 30 நிமிடங்களில் 13 முறை சுடலாம். சிறந்த 10 மட்டுமே கணக்கில் சேரும். அங்கே பொறுமையே வெல்லும்.

ஆயுதப் போட்டி விசுவாசிக்கு ஆகாது என்பார் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. அங்கே சட்டமும் விதியும் சாட்சிகளும் உண்டு. நமது ஜவ்வாது மலையில் கூரைக்குள் ஒளித்து வைக்கப்படும் நாட்டுத் துப்பாக்கிக்கோ இவை எதுவுமில்லை.

புதிய ஏற்பாட்டில் பாவத்தைக் குறிக்கும் ‘ஹமார்த்தியா’ என்னும் கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள் இலக்குத் தவறுதல். தேங்காயைத் தவறவிட்டவன் அடுத்த ஆண்டு வரலாம். இருளில் விலங்கென்று எண்ணி உடன்வந்தவனைச் சுட்டவனுக்கு அடுத்த ஆண்டு என்பது ஏது?

காட்டுப்பன்றி பயிரை அழிக்கும் துயரம் மெய்யானது. அதற்கு வனத்துறையிடம் மனுக் கொடுப்போம். உங்கள் உறவினர் வீட்டில் உரிமமில்லாத துப்பாக்கி இருக்குமாயின், ஊர்ப் பெரியவருடன் சென்று காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். அவர்கள் தயங்கினால் நானும் உடன் வருகிறேன்.