‘ஆம்’ என்றவர்கள் எதை வேண்டாம் என்றார்கள்?

2013 ஏப்ரல் 16 அன்று லண்டனில் காமன்ஸ் சபையில் சாதி பற்றி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ‘ஆம்’ என்றவர்கள் 307 பேர், ‘இல்லை’ என்றவர்கள் 243 பேர். அவைக் குறிப்பில் இந்த எண்களை மட்டும் பார்க்கும் மாணவர், சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டத்தை 307 எம்.பி.க்கள் ஆதரித்துவிட்டார்கள் என்று மகிழ்ந்துபோவார். நடந்தது நேர்மாறு. அன்று சபை முன் இருந்த கேள்வி, “பிரபுக்கள் சபை சேர்த்த திருத்தத்தை இந்தச் சபை ஏற்க மறுக்கிறதா?” என்பது. ‘ஆம், மறுக்கிறோம்’ என்றவர்கள்தான் அந்த 307 பேர். தலித் மக்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்றவர்கள் ‘இல்லை’ பக்கம் நின்றார்கள்.

ஒரு எம்.பி. நமக்காக என்ன செய்தார் என்று கேட்கும் பழக்கம் நம் ஊர்களில் இப்போது வளர்ந்து வருகிறது. நல்லதுதான். ஆனால் பதிவைப் படிக்கத் தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டால் எதிரியைத் தோழன் என்றும் தோழனை எதிரி என்றும் எழுதிவிடுவோம். எம்.பி.க்களின் ஒவ்வொரு அசைவையும் குறித்துவைப்பதில் பிரிட்டன் பழைய நாடு. அங்கே நம் மக்கள் தொடர்பான ஒரு பிரச்சினையில் அந்தக் குறிப்புகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று பார்ப்போம்.

முதலில் பிரச்சினை. பஞ்சாபிலிருந்தும் குஜராத்திலிருந்தும் பிரிட்டனுக்குப் போனவர்கள் பெட்டியோடு சாதியையும் கொண்டுபோனார்கள். அங்கு வாழும் தலித்துகள் 50,000 முதல் 2 லட்சம் வரை இருக்கலாம் என்று பல மதிப்பீடுகள் உண்டு. ரவிதாசியர், வால்மீகி சமூகத்தவர் அதில் அதிகம். வேலை செய்யும் இடத்தில், பள்ளியில், முதியோர் பராமரிப்பில் சாதி பார்க்கப்படுகிறது என்பதற்குச் சான்றுகள் இருப்பதாக, அரசே பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன ஆய்வு 2010 டிசம்பரில் சொன்னது. அதே ஆண்டு வந்த சமத்துவச் சட்டத்தின் 9ஆவது பிரிவில், சாதியை இனப் பாகுபாட்டின் ஒரு அம்சமாக அமைச்சர் சேர்க்கலாம் என்று ஒரு வரி இருந்தது. சேர்க்‘கலாம்’. அந்தக் ‘கலாம்’ என்ற விகுதியைப் பிடித்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. அதைச் சேர்க்க ‘வேண்டும்’ என்று மாற்றத்தான் 2013இல் அவ்வளவு போராட்டமும்.

ஆக்ஸ்ஃபோர்டின் முன்னாள் ஆயர் ஹாரிஸ் பிரபு கொண்டுவந்த திருத்தம், மார்ச் 4 அன்று பிரபுக்கள் சபையில் 256க்கு 153 என்று வென்றது. ஏப்ரல் 16இல் காமன்ஸ் சபை அதைத் தள்ளியது. ஏப்ரல் 22 அன்று பிரபுக்கள் சபை விடாப்பிடியாக 181க்கு 168 என்று மீண்டும் அதே நிலையை எடுத்தது. வெறும் 13 வாக்கு வித்தியாசம். அதன் பிறகு கேமரூன் அரசு இறங்கி வந்தது. ‘கலாம்’ போய் ‘வேண்டும்’ வந்தது. தேர்தலில் நிற்காத, அப்போது பரம்பரையாகவும் நியமனத்தாலும் வந்து உட்கார்ந்திருந்த சபை நம் பக்கம் நின்றது. மக்கள் வாக்கு வாங்கி வந்த சபை எதிரே நின்றது. ஜனநாயகத்தில் நம்பிக்கை வைத்திருக்கும் நமக்கு இது விழுங்கக் கஷ்டமான உண்மைதான்.

இனி, இந்தப் பதிவு எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். காமன்ஸ் சபையில் பொத்தான் கிடையாது. மணி அடிக்கும், 8 நிமிடத்துக்குள் உறுப்பினர்கள் சபையின் இரு பக்கமும் உள்ள இரண்டு நடைக்கூடங்களில் ஒன்றின் வழியாக நடந்து போக வேண்டும். கதவு மூடப்படும். போனவர்களின் பெயர்கள் குறிக்கப்படும். 1836 முதல் இந்தப் பெயர்ப்பட்டியலைச் சபையே வெளியிடுகிறது. அதற்கு முன் யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். சபை நடவடிக்கையை அச்சிட்டவர்களைச் சிறைபிடிக்க ஆள் அனுப்பிய காலமும் உண்டு. இன்று பேச்சு, கேள்வி, வாக்கு எல்லாம் ‘ஹன்சார்ட்’ என்ற அவைக் குறிப்பில் கிடைக்கிறது. அதைச் சாமானியரும் தேடிப் பார்க்கும்படி, 2004இல் சில தன்னார்வலர்கள் ‘தே வொர்க் ஃபார் யூ’ என்ற சேவையைத் தொடங்கினார்கள். ‘அவர்கள் உங்களுக்காக வேலை செய்கிறார்கள்’ என்று பொருள். பெயரிலேயே குத்தல் இருக்கிறது.

இந்தப் பதிவில் சில ஓட்டைகள் உண்டு. வராமல் இருந்தவருக்கும், வேண்டுமென்றே விலகி நின்றவருக்கும் வித்தியாசம் தெரியாது. நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் கிடந்தவரும், கட்சியையும் பகைக்காமல் தொகுதியையும் பகைக்காமல் தேநீர் அறையில் உட்கார்ந்திருந்தவரும் பட்டியலில் ஒன்றே: பெயர் இல்லை. ‘நான் யார் பக்கமும் இல்லை’ என்று பதிவாக வேண்டும் என்பதற்காகவே இரண்டு கூடங்களிலும் நடந்து போகும் உறுப்பினர்களும் உண்டு. வாக்குகளை எண்ணும் நான்கு உறுப்பினர்களின் பெயர் தனியே அச்சாகும், எண்ணிக்கையில் வராது. சபாநாயகர் வழக்கமாக வாக்களிப்பதில்லை.

பேச்சின் எண்ணிக்கையை நம்புவது இன்னும் ஆபத்து. எத்தனை முறை பேசினார் என்று இந்தச் சேவை வரிசைப்படுத்தத் தொடங்கியதும், வரிசையில் முன்னேறுவதற்காகவே சில எம்.பி.க்கள் எழுந்து எழுந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்காருகிறார்கள் என்று 2006இல் லண்டன் டைம்ஸ் நாளேடு எழுதியது. நம் கிராமசபையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் ஆளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

சாதிச் சட்ட விஷயத்தில் மூன்று பெயர்களை எடுத்துக்கொள்வோம். ஜெரமி கார்பின், 1983 முதல் இஸ்லிங்டன் வடக்குத் தொகுதி உறுப்பினர். பிரிட்டனின் தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்புக்குத் தலைமை வகித்தவர். தலித் பிரச்சினை பற்றி அவர் தீர்மானங்களை முன்வைத்திருக்கிறார், 2013 ஏப்ரல் விவாதத்திலும் சட்டத்தை ஆதரித்துப் பேசினார். 1997 முதல் 2010 வரை சொந்தக் கட்சி ஆட்சியில் இருந்தபோதே கொறடா உத்தரவை மீறி 428 முறை வாக்களித்தவர் என்ற கணக்கும் அவருக்கு உண்டு. ஆனால் 2015இல் அவர் தொழிலாளர் கட்சித் தலைவர் ஆனதும் பதிவின் தன்மை மாறிவிடுகிறது. முன்வரிசைத் தலைவர்கள் அப்படிப்பட்ட தீர்மானங்களில் கையெழுத்திடுவது அங்கே வழக்கமில்லை. கையெழுத்து இல்லாததால் அக்கறை போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது. பதவி வந்த பின் அக்கறை என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளவும் இந்தப் பதிவு உதவாது.

ரிச்சர்ட் ஃபுல்லர் கன்சர்வேடிவ் கட்சிக்காரர், அப்போது பெட்ஃபோர்ட் உறுப்பினர். தன் கட்சி அரசு எதிர்த்த சட்டத்துக்கு ஆதரவாகப் பேசினார். அதே கட்சியின் பாப் பிளாக்மன், ஹாரோ கிழக்கு உறுப்பினர், அந்தப் பிரிவையே நீக்க வேண்டும் என்று தொடர்ந்து குரல் கொடுத்து வருபவர். ஒரே கட்சி, ஒரே கொறடா, எதிரெதிர் நிலை. காரணம் அவைக் குறிப்பில் இல்லை. தொகுதியில் போய்த் தேட வேண்டும். பெட்ஃபோர்டில் ரவிதாசியரும் வால்மீகி மக்களும் கோயில் கட்டி, சங்கம் வைத்து வாழ்கிறார்கள். ஹாரோ கிழக்கில் இந்து வாக்காளர்கள் பெருவாரியாக இருக்கிறார்கள். இந்து அமைப்புகள் பல இந்தச் சட்டம் தங்கள் சமூகத்தைக் களங்கப்படுத்துகிறது என்று எதிர்த்தன. எம்.பி.யின் மனசாட்சியைச் சந்தேகிக்க நாம் வரவில்லை. திரண்டு நின்று கதவைத் தட்டிய வாக்காளர் யார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வாக்கு புரியும் என்கிறோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை 2018இல் இருக்கிறது. ‘வேண்டும்’ என்று சட்டம் கட்டளையிட்ட பிறகும் அரசு சாதியைச் சேர்க்கவில்லை. 2017 மார்ச் முதல் செப்டம்பர் வரை மக்களிடம் கருத்துக் கேட்டது. 16,000க்கு மேல் பதில்கள் வந்தன. 2018 ஜூலை 23 அன்று அமைச்சர் பென்னி மார்டன்ட் எழுத்துமூலமாக ஓர் அறிக்கை வைத்தார். நீதிமன்றத் தீர்ப்புகளே போதுமான பாதுகாப்பு, தனிச்சட்டம் வேண்டாம், அந்தப் பிரிவு பின்னர் நீக்கப்படும் என்பது அதன் சாரம். மறுநாள் சபை கோடை விடுமுறைக்குக் கலைந்தது.

வாக்கெடுப்பு இல்லை. மணி அடிக்கவில்லை. யாரும் எந்தக் கூடத்திலும் நடக்கவில்லை. பிரிட்டன் தலித்துகளைப் பொறுத்தவரை அந்தப் பத்தாண்டின் மிக முக்கியமான முடிவில், 650 எம்.பி.க்களில் ஒருவருக்கும் வாக்குப் பதிவு கிடையாது. எம்.பி.யின் வாக்குகளை மட்டும் வரிசையாக எடுத்துப் படிப்பவர் கண்ணில் அந்த நாள் படவே படாது.

அரசு காட்டிய நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த இந்திய ஆதிவாசிப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கு அது. மணிக்கு 11 பென்ஸ் கூலி, படுக்கத் தரை. சாதியின் சில அம்சங்கள் ‘இன மூலம்’ என்ற சொல்லுக்குள் அடங்கக்கூடும் என்று 2014 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. அடுத்த ஆண்டு அவருக்குச் சேர வேண்டிய கூலிப் பாக்கியாக 1,83,774 பவுண்டு தரச் சொல்லி உத்தரவு வந்தது. மகத்தான வெற்றி. ஆனால் தீர்ப்பில் உள்ள சொல் ‘அடங்கக்கூடும்’. மீண்டும் ஒரு ‘கூடும்’, ஒரு ‘கலாம்’. ஒவ்வொரு தலித் தொழிலாளியும் வழக்கறிஞர் வைத்து, தன் வழக்கு அதற்குள் அடங்குகிறது என்று தானே நிரூபிக்க வேண்டும். இதைப் போதுமான பாதுகாப்பு என்று சொல்வதை நாம் ஏற்கவில்லை.

நம் மக்களவை இதில் எங்கே நிற்கிறது என்ற கேள்வி வாசகர்களுக்கு வரும். இங்கே பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடுகின்றன. ‘ஆம்’ என்று கத்தியவர் பெயர் எங்கும் இல்லை. அரசமைப்புத் திருத்தம் என்றால் எண்ணித்தான் ஆக வேண்டும். பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட வகுப்பினருக்கு 10 சதவீத ஒதுக்கீடு 2019 ஜனவரி 8 அன்று 323க்கு 3 என்று நிறைவேறியது அப்படித்தான். அன்று எதிர்த்துப் பேசிய அதிமுக வெளிநடப்பு செய்தது. மூன்று என்ற அந்த எண்ணுக்குள் அவர்கள் இல்லை. 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் வேறு இருக்கிறது: பிரிட்டனில் கொறடாவை மீறினால் கட்சி கோபப்படும், அதிகபட்சம் கட்சியை விட்டு நீக்கும், இங்கே எம்.பி. பதவியே போகலாம். கார்பினைப் போல 428 முறை மீறிய ஒருவர் இங்கே இருக்கவே முடியாது. தமிழ்நாட்டின் ஏழு தனித்தொகுதி எம்.பி.க்களின் வாக்கைப் படிக்கும்போது இந்தக் கட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். அவர்கள் மனம் தெரிய வேண்டுமானால் வாக்கைவிட, அவர்கள் எழுத்துமூலம் கேட்ட கேள்விகளைப் படிப்பது நல்லது. கேள்விக்குக் கொறடா இல்லை. துணைத்திட்ட நிதி, விடுதி, உதவித்தொகை, கையால் மலம் அள்ளுதல் பற்றி யார், எப்போது, எத்தனை முறை கேட்டார் என்பது பதிவில் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத் திட்டமாகவே இதைச் செய்யலாம்.

மறுபடியும் லண்டன். 2018இல் அமைச்சர் சொன்னபடி அந்தப் பிரிவை நீக்க வேண்டுமானால் அதற்கும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியாக வேண்டும். அமைச்சரின் அறிக்கையால் ‘வேண்டும்’ என்ற சொல் அழிந்துவிடாது. 2024 ஜூலைத் தேர்தலில் காமன்ஸ் சபைக்குப் புதிதாக வந்தவர்கள் 335 பேர், அதாவது பாதிக்கும் மேல். 2013இல் அந்த இரு கூடங்களில் ஒன்றின் வழியாக நடந்தவர்களில் பலர் இன்று சபையில் இல்லை. புதியவர்கள் பெயருக்கு நேரே, சாதி என்ற தலைப்பில், 2013இன் அந்த ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டுமே கிடையாது. கோவென்ட்ரியிலும் பெட்ஃபோர்டிலும் இருக்கும் தலித் அமைப்புகள் அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியது இனிமேல்தான்.